மிஷின் நின்ற வீடு

பிரபு,

நீ படுத்திருந்த பாயை நான் இன்னும் சுருட்டவில்லை. முன்னறையில் அப்படியேதான் கிடக்கிறது. தலையணை ஒரு மூலையில், போர்வை ஒரு மூலையில். உன் அப்பா மடித்து வைக்கப் போனார். "அதுல கை வெச்சே, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உனக்காக வஞ்சிரம் வாங்க மார்க்கெட்டுக்குப் போனவள் நான். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. பையைக் கீழே வைப்பதற்குள் உன் போன். "மா, அர்ஜென்ட்டா ஒரு வேலை வந்துடுச்சுமா. சொல்லிக்காம கிளம்பிட்டேன். நசரத்பேட்டை தாண்டிட்டேன், சாரிமா." என்ன வேலைடா வந்தது உனக்கு? ஒரு மாதம் லீவு கொடுத்து, இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று உன் மேனேஜரே சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அதைக் கேட்கவில்லை. "பார்த்துப் போப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் இருந்த கோபத்தில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தேன். உன் அப்பா கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ம், சொல்லுமா, சொல்லுமா" என்பாய், அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால், நான் அனுப்புவதையெல்லாம் நீ டபுள் ஸ்பீடில் வைத்துத்தான் கேட்கிறாய் என்று உன் பெண்டாட்டி நித்யாவே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். பெற்ற தாய் அணில் மாதிரி கீச்கீச்சென்று பேசுவதைத்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதை வேகமாகப் படிக்க முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

நேற்று நித்யா பேசினாள். அந்தப் பெண் சட்டென்று அழுகிற ஜாதி இல்லை, உனக்கே தெரியும். நேற்று அழுதாள். நீ பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் லீவை ரத்து பண்ணச் சொல்லி ஆபீசுக்குப் போன் போட்டாயாம். காதில் எதையோ மாட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாயாம். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது நீ அப்படியே சரிந்து விழுந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் கோளாறு இல்லை, இந்த ஆள் ஒழுங்காகத் தூங்கியே பல மாதம் ஆகியிருக்கிறது, இப்படியே விட்டால் அடுத்த தடவை வெறும் மயக்கத்தோடு போகாது என்று சொன்னாரே, அதுவும் என் காதிலேயே நிற்கிறது. குழந்தைக்குப் பரீட்சை இருந்ததால் நித்யாவால் கூட வர முடியவில்லை. "அத்தை, அவர் சின்ன வயசுல தூங்கி வளர்ந்த வீடு அது. அங்க வந்தா தன்னால தூங்கிடுவார்" என்று நம்பி உன்னை என்னிடம் அனுப்பினாள். நாலு நாள்கூட உன்னைப் பிடித்து வைக்க எனக்குத் துப்பில்லை. நீ எதைப் பார்த்து இந்த வீட்டைவிட்டு ஓடினாய் என்று உனக்கே தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். சும்மா இருப்பது உனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ சின்ன வயதில் எப்படித் தூங்கினாய் என்று நித்யாவுக்குத் தெரியாது. உனக்கும் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது நீ பாய் போட்டுப் படுத்த அதே இடத்தில்தான் நம்முடைய பவர் பிரஸ் நின்றுகொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளிலிருந்து இரும்புத் தகடு வரும், அதை வாஷராக வெட்டிக் கொடுக்க வேண்டும். உன் அப்பா பெடலை மிதிப்பார், ஒவ்வொரு மிதிக்கும் தட் என்று ஒரு அடி விழும், ஒரு வாஷர் விழும். காலையில் காபி குடித்துவிட்டு ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் தட், தட், தட். தரை அதிரும், அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் அதிரும், என் வயிற்றில் இருந்த நீயும் அதிர்ந்துகொண்டுதான் இருந்திருப்பாய். பிறந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "பச்சைக் கொழந்தை, இந்தச் சத்தத்துல எப்படிக் கண்ணு தூங்கும்?" என்று பக்கத்து வீட்டு சுகுணா அக்கா என்னைத் திட்டினார். தூளியில் போட்டதும் நீ தூங்கிவிட்டாய். கல் மாதிரித் தூங்கினாய். எல்லோரும் அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் கரண்ட் போனது. அப்போதுதான் சங்கதி தெரிந்தது. மிஷின் நின்றதும் நீ முழித்துக்கொண்டாய். முழித்து வீல் என்று ஒரு அழுகை. பால் கொடுத்தேன், நிற்கவில்லை. தோளில் போட்டேன், பாட்டுப் பாடினேன், ஒன்றுக்கும் நீ மசியவில்லை. கரண்ட் வந்து உன் அப்பா பெடலில் கால் வைத்ததும் பட்டென்று அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனாய். அன்றிலிருந்து இதுவே வாடிக்கை. மதியம் சாப்பிட மிஷினை நிறுத்தினால் அழுகை. தகடு தீர்ந்து நிறுத்தினால் அழுகை. நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்தோம் தெரியுமா? தகடு இல்லாமலேயே மிஷினைச் சும்மா ஓட்டினோம். தகட்டை வெட்டுகிற அச்சான டையில் வெறும் அடி. ஊரில் எல்லோரும் பிள்ளையைத் தூங்க வைக்கத் தாலாட்டுப் பாடுவார்கள், உனக்கு மூன்று குதிரைச் சக்தி மோட்டார் ஓடியது. டை மழுங்கிப்போகும் என்று உன் அப்பாவுக்குத் தெரியும். "போவட்டும், கொயந்த தூங்குது பாரு" என்பார்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு பழைய டை பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு, மரச்சுத்தியால் மிஷின் அடிக்கிற அதே தாளத்தில் தட்டுவார். தட், தட், தட். வியர்த்து ஊற்றும். கையை மாற்றி மாற்றித் தட்டுவார். நீ கண்ணைச் சொருகுவாய். தெருவே கரண்ட் போய் வெளியில் காற்றாட உட்கார்ந்திருக்கும்போது நம் வீட்டிலிருந்து மட்டும் இந்தச் சத்தம் வரும். "இன்னா அண்ணாத்தே, கரண்டு இல்லாமலே மிஷின் ஓட்டுறியா?" என்று ஆள் ஆளுக்குக் கிண்டல் பண்ணினார்கள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. என் புருஷன் மாதிரிப் பிள்ளைக்காகக் கை வலிக்க எவன் தட்டுவான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அந்தப் பெருமை எனக்குப் போகவில்லை. ஆனால் ஒரு தடவையாவது உன்னை அழ விட்டு, சத்தம் இல்லாத வீட்டுக்குப் பழக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

வளர்ந்த பிறகும் அப்படித்தான். ஆயுத பூஜையை நினைத்துப் பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மிஷினை நாமாக நிறுத்துவோம். துடைத்து, எண்ணெய் போட்டு, விபூதி பூசி, மாலை போட்டு, பொரி கடலை வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தெருவில் மற்ற வீடுகளில் ரேடியோவும் சிரிப்புமாக இருக்கும். நம் வீட்டில் மட்டும் பூஜை முடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சண்டை ஆரம்பித்துவிடும். பூசணிக்காயைத் தெருவில் எங்கே உடைத்தாய் என்பதிலிருந்து ஆரம்பித்து என் அண்ணன் கல்யாணத்தில் யாருக்கு மரியாதை கொடுக்கவில்லை என்பது வரைக்கும் போகும். உன் அப்பா கூண்டில் அடைத்த மாதிரி முன்னறையையும் வாசலையும் அளந்துகொண்டிருப்பார். நான் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். நீ மாலை போட்ட மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எப்பப்பா மிஷின் போடுவ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து முதல் அடி விழுந்ததும் மூன்று பேருக்கும் மூச்சு வரும். சண்டை போட்டதுகூட மறந்துவிடும். நானும் அப்போது அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. "என் பையன் சும்மாவே இருக்கமாட்டான்" என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டுதான் திரிந்தேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். உள்ளே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாய், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மிஷின் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, மிஷின் சத்தம் மட்டும் இல்லை. நான் எழுந்திருப்பதற்குள் நீ பென்சிலைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாய். உன் அப்பா ஒரு சத்தமும் போடாமல், வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தகடு சிவப்பாக இருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி அன்றைக்குத்தான் போனது. பின்னால் வந்து கேட்ட குழந்தைகளிடமெல்லாம் "எலி கட்சிட்ச்சு" என்று சொல்லிச் சிரிப்பார், நீயும் கூடச் சிரிப்பாய். ஆனால் அன்றைக்கு நீ எனக்கு முன்னால் ஓடியதை நான் மறக்கவே இல்லை. சத்தம் நின்றால் ஏதோ நடந்துவிட்டது என்று உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

நீ படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு அவருக்கு முட்டி தேய்ந்துபோனது. வேலையும் குறைந்தது. பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கிற முஸ்லிம் பாய் ஒருத்தர் வந்து பிரஸ்ஸை வாங்கிக்கொண்டார், நல்ல மனுஷர். டெம்போவில் ஏற்றும்போது, "அண்ணே, உங்க கொழந்தை மாதிரி பார்த்துக்குறேன்" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். போல்ட் அடித்த குழிகளை அடைத்து, மேலே டைல்ஸ் போட்டோம். வெள்ளை வெளேரென்று முன்னறை. நீ போனில் வீடியோவில் பார்த்துவிட்டு, "சூப்பர்பா, இனிமே ஜாலியா ரெஸ்ட் எடு" என்றாய். ரெஸ்ட் எடுத்தார் உன் அப்பா, நீயே கேள். காலையில் எழுந்ததும் டிவி, அதற்கு மேலே ரேடியோ, நான் சட்னி அரைக்க மிக்ஸி போட்டால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். மதியம் படுத்தால் தூக்கம் வராது. நம் வீட்டிலிருந்து ஏரிக்கரை கூப்பிடு தூரம், எத்தனை பேர் காலையில் அங்கே நடக்கிறார்கள். போய்விட்டு வாயேன் என்றால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவார். "அங்க ஒண்ணுமே இல்லடி, வெறும் தண்ணி கீது."

அதற்கப்புறம் ஒரு பழக்கம் பிடித்தது. பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு ஃபிரெண்டைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார், மூன்று மணிக்குத்தான் வருவார். யார் அந்த ஃபிரெண்டு என்று கேட்டால் மழுப்பல். சட்டைப் பையில் பார்த்தால் ரயில் சீசன் டிக்கெட். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, சிரிக்காதே. இந்த வயதில் இந்தக் கிழவனுக்கு எவள் கிடைத்தாள் என்றுதான் யோசித்தேன். ஒரு நாள் பின்னாலேயே போனேன். கொரட்டூர் ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டியில் ஏறினார். நான் லேடீஸ் பெட்டியில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி அவர் இருந்த பெட்டிக்கு ஓடி ஏறினேன். ஜன்னலோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்டவாளத்தில் சக்கரம் தடக் தடக் என்று போகிற சத்தத்துக்கு விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், நுனியில்லாத அந்த விரலால். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கயா போற?" என்றேன்.

கண்ணைத் திறந்தவர் திருடன் மாதிரி முழித்தார். "எங்கியும் போகலடி. வண்டி போவுது, நான் உள்ள குந்திகினு கீறேன்."

"திருவள்ளூர்ல யாரு கீறா?"

"யாரும் இல்ல. அங்க எறங்கி, அதே வண்டில திரும்பி வந்துருவேன். சத்தம் நல்லா கீது, அதான்."

ஓடி ஏறியதில் தொண்டை வறண்டிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். நெமிலிச்சேரியில் வண்டி நின்றதும் இருவரும் இறங்கினோம். குடித்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டி போய்விட்டது. கூட இறங்கின நாலைந்து பேரும் போய்விட்டார்கள். பிளாட்பாரத்தில் நாங்கள் இருவரும், ஒரு வேப்பமரமும், தூங்குகிற ஒரு நாயும்தான். அப்படியொரு அமைதியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. எனக்கே காது அடைத்தது. உன் அப்பா தவித்துப்போய்விட்டார். எழுந்தார், உட்கார்ந்தார், பிளாட்பார விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். அடுத்த வண்டி வந்ததும் ஓடிப்போய் ஏறப் போனார். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ தெரியவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கால் வலிக்குதுயா. இது போவட்டும். அடுத்த வண்டில போலாம்."

"வண்டி போவுதுடி," என்றார். எதையோ பறிகொடுத்தவர் மாதிரி அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் முட்டிமேல் கை வைத்தேன். அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"மிஷின் நின்னா இன்னா அர்த்தம் சொல்லு? கரண்ட் போச்சு, இல்ல ஜாப் போச்சு, இல்ல எவன் விரலாவது போச்சு. நல்லதுக்கு நம்ம ஊட்ல மிஷின் என்னிக்கு நின்னுகீது? இப்போ வித்தாச்சு, எல்லாம் முடிஞ்சிடுச்சு, மண்டைக்குத் தெரியுது. ஆனா சத்தம் இல்லன்னா உள்ள ஒருத்தன் எய்ந்து ஓட்றான்டி. இன்னாமோ ஆயிடுச்சு, போய்ப் பாரு, போய்ப் பாருன்றான். எங்க போய்ப் பாக்கறது?"

சொல்லிவிட்டு அழுதார் பிரபு. விரல் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இன்னொரு வண்டி வந்தது, அதையும் விட்டோம். அதற்கப்புறம் அவர் கால் ஆடுவது நின்றது. வேப்பமரத்தில் என்னமோ ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது, அதைப் பார்த்து "இது இன்னா குருவி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படுத்தவர் விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த வாரமே பழையபடி டிவியும் ரேடியோவும் ஓடியது. அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் நெமிலிச்சேரி போக ஆரம்பித்தோம். முறுக்கோ கொய்யாவோ வாங்கிக்கொண்டு போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் வருகிற வண்டியை வேண்டுமென்றே விடுவோம். ஆரம்பத்தில் அவர் பட்ட அவஸ்தையைப் பார்க்க முடியாது. நானும் லேசுப்பட்டவள் இல்லை, வீட்டில் துவைக்காத துணி, உலை வைக்காத அடுப்பு எல்லாம் கண்முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஒன்று கண்டுபிடித்தோம். அந்தப் பயம் வரும்போது எழுந்து ஓடினால்தான் அது கூடவே ஓடி வருகிறது. உட்கார்ந்தே இருந்தால் அதுவும் கொஞ்ச நேரம் நம்மோடு உட்கார்ந்துவிட்டு, தானாகப் போய்விடுகிறது. அது போன பிறகு இருக்கிற நேரம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெயில் நன்றாக இருக்கும். கொய்யா நன்றாக இருக்கும். பக்கத்தில் இருக்கிற ஆள் நன்றாக இருப்பார். என் புருஷன் என்னோடு இவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. உனக்கு அவ்வளவு வயதாகும் வரைக்கும் நித்யா காத்திருக்க வேண்டாம் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இப்போது நீ வந்த கதைக்கு வருகிறேன். வந்த அன்றைக்கே ஒழுகுகிற குழாயைச் சரி பண்ணினாய். அடுத்த நாள் கேஸ் டியூப் மாற்றினாய், மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினாய், என் போனில் இருந்த குட்மார்னிங் படங்களையெல்லாம் என்னைக் கேட்காமலே அழித்தாய். மூன்றாவது நாள் மதியம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பாயில் படுத்தாய். மேலே பார்த்துக்கொண்டே, "என்னமா இது, ஃபேன் மட்டும் சுத்துது, வேற சத்தமே இல்ல. ஒரு மாதிரி இருக்கு" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய்ப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடினவன்தான் அங்கே படுத்திருந்தான். அப்போதே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டேன்.

அன்றைக்கு நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அரிசியை ஊறவைத்துவிட்டுத் திரும்பினால், உன் அப்பா ஸ்டூல் போட்டுப் பரணில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். முட்டி வலியோடு ஏணி ஸ்டூல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன ஆள். கீழே இறங்கினபோது கையில் அந்தப் பழைய டை பிளேட்டும் மரச்சுத்தியும் இருந்தன. பிரஸ்ஸை விற்றபோது அதை மட்டும் எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டார். நீ அந்தப் பக்கம் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாயா பண்ற?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தூங்க மாட்டேன்றான்டி," என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "கொஞ்ச நேரம் தட்டிப் பாக்கறேன்."

முப்பத்துநாலு வயதுப் பிள்ளைக்கு. எனக்கு அந்தச் சுத்தியை அவர் கையிலிருந்து வாங்கவே மனசு வரவில்லை. தட்டட்டும், தட்டினால் ஒருவேளை நீ தூங்கிவிடுவாய் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வாங்கினேன். வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் நீ போய்விட்டாய்.

லீவு இன்னும் மிச்சம் இருக்கிறது. ரத்து பண்ணச் சொன்னதை ரத்து பண்ணு, உன் மேனேஜர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். காரில் வராதே, ரயிலில் வா. குழந்தைக்குப் பரீட்சை முடிந்ததும் நித்யாவும் பேத்தியும் வரட்டும், அதற்கு முன்னால் நீ மட்டும் வந்து சேர். செவ்வாய்க்கிழமை நெமிலிச்சேரிக்கு மூன்று பேராகப் போவோம், அந்தக் குருவியின் பேர் உனக்காவது தெரிகிறதா பார்க்கலாம். மற்ற நாளில் இந்தப் பாயில் படு. குழாய் எதுவும் ஒழுகவில்லை, தொட்டி சுத்தமாக இருக்கிறது, உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. ஃபேன் மட்டும்தான் சுற்றும். உனக்குப் பயமாக இருக்கும். எழுந்து ஓட வேண்டும்போல இருக்கும். அழுகைகூட வரலாம், வந்தால் அழு, யாரும் பார்க்கப்போவதில்லை. இந்தத் தடவை நாங்கள் தட்டமாட்டோம். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன், உன் அப்பா கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். நீ தூங்குகிற வரைக்கும் எழுந்திருக்கமாட்டோம்.

பாய் விரித்தபடியேதான் இருக்கிறது.

அம்மா